அறுந்துபோகாத கயிறு

“யானையா? ராணியா? இன்னொரு தடவை சொல்லுங்க!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினார். ஒலிபெருக்கியில் ஒரே இரைச்சல். அதற்கடியில், கிணற்றுக்குள் விழுந்த எறும்பு உதவி கேட்பதுபோல ஒரு குரல். ‘...னை’ என்று கேட்டது. இல்லை, ‘...ணி’யோ?

சதுரங்கப் பலகையைப் பார்த்தார். எதிராளி நகர்த்தியது யானை என்றால் ஆட்டம் இவர் கையில். ராணி என்றால் இவர் கதை முடிந்தது.

“இன்னும் கொஞ்சம் சத்தமா கத்துங்க. செட்டே வேண்டாம், நேராவே அவருக்குக் கேட்டுடும்,” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

வீட்டில் ரேடியோ செட் வைத்து, அதற்கென்று பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு பேசுகிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் உண்டு. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்று பெயர். அவரும் அதில் ஒருவர். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் நாலு மணிக்கு, எங்கோ தொலைதூர நகரத்தில் கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவரோடு பேசுவார். பேச்சோடு பேச்சாகச் சதுரங்கமும் நடக்கும். இதுவரை நாற்பத்தோரு ஆட்டம். நாற்பத்தொன்றிலும் இவர்தான் தோற்றார். இந்த நாற்பத்திரண்டாவதில்தான் முதல்முறையாக ஜெயிக்கிற மாதிரி இருந்தது. பார்த்து இப்போதுதானா கடிகாரக்காரர் குரல் தேய வேண்டும்?

“அவர் செட்டுல ஏதாவது கோளாறு இருக்கும்ங்க.”

“அவரு முள்ளு முனைக்கு எண்ணெய் வைக்கிற மனுஷன். அவர் செட்டு கோளாறு ஆகாது. தப்பு நம்ம பக்கம்தான்.”

தப்பு தன் பக்கம்தான் இருக்கும் என்பதில் அவருக்கு எப்போதுமே அசாத்திய நம்பிக்கை. அனுபவம் அப்படி.

மொட்டை மாடிக்கு ஏறினார். ஆன்டெனா என்பது வேறொன்றுமில்லை, ஒரு நீளமான செப்புக் கம்பி. மாடியில் நிற்கும் தண்ணீர்க் குழாயிலிருந்து பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் மரம் வரைக்கும் போகும். இரண்டு முனையிலும் கயிறு கட்டித்தான் தூக்கி நிறுத்தியிருந்தார். கயிறு என்றால், மனைவி துணி உலர்த்தி முடித்து வேண்டாமென்று எறிந்த நூல் கயிறு. அது மழையில் ஊறி, நைந்து, இளகி, கம்பி கர்ப்பிணி வயிறுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று இறங்கி வந்தார். “கயிறுதான்!”

கயிற்றுக் கடைக்காரர் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு ஒன்றை எடுத்துப் போட்டார். பளபளவென்று இருந்தது.

“கப்பலையே கட்டலாம் சார்.”

“வெயில் தாங்குமா?”

“வெயில் இதைத் தாங்குமான்னு கேளுங்க.”

இந்தப் பதிலில் இருந்த அடுக்குமொழியில் மயங்கி வாங்கிவிட்டார். பேச்சு நன்றாக இருந்தால் சரக்கும் நன்றாக இருக்கும் என்று நம்புகிற ஜாதி அவர். கம்பி நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை செட்டைப் போட்டால், எறும்பு அதே கிணற்றில்தான் இருந்தது.

மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டார்கள். அதைப் பார்த்தாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘அந்தத் திசைக்கு மட்டும் இன்னும் ஓர் அடி உயரம் வேணும்’ என்று இழுத்துக் கட்டினார்.

ஐந்தே வாரம். வெயில் அந்தக் கயிற்றைத் தாங்கிக்கொண்டது; கயிறுதான் வெயிலைத் தாங்கவில்லை. தொட்டால் மஞ்சளாக உதிர்ந்தது. ஒருநாள் காலை பல் டாக்டர் மரத்தடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது படக்கென்று அறுந்தது. டாக்டர் எழுந்து வந்தபோது தலை, மீசை எல்லாம் மஞ்சள் தூள்.

“சார், நான் மனசார கேட்கறேன். இது என்ன?”

“கயிறு, டாக்டர்.”

“கயிறா? பொடியால்ல இருக்கு!”

அடுத்து நைலான். வெள்ளை வெளேரென்று, தொட்டால் பட்டு மாதிரி. “இது அறவே அறாது சார்,” என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை. அது அறவில்லை; நீண்டது. முதல் மழையில் ஊறியதும் கம்பி மெல்ல மெல்ல இறங்கி, டாக்டர் வீட்டு வாசலுக்கு நேராகக் கழுத்து உயரத்தில் வந்து நின்றது. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்த டாக்டரின் மூக்குக்கண்ணாடியை அது லாவகமாகக் கழற்றிச் சாக்கடையில் போட்டது.

மறுநாள் டாக்டர் கடைக்கு வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தடவித் தடவி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இதோ பாருங்க. நானும் தொழில்தான் பண்றேன். என்னிக்காவது தெருவுல வாழைப்பழத் தோலைப் போட்டு, விழுந்தவன் பல்லைப் பிடுங்கிச் சம்பாதிச்சிருக்கேனா?”

“சத்தியமா டாக்டர், கயிறு நீளும்னு எனக்குத் தெரியாது.”

“எனக்கும் என் பொறுமை இவ்வளவு நீளும்னு தெரியாது.”

டாக்டருக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டே யோசித்தார். வெயிலில் உதிரக் கூடாது, மழையில் நீளக் கூடாது. அப்படியானால் அது கயிறாகவே இருக்கக் கூடாது! மின்னல் வெட்டிய மாதிரி இருந்தது. பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது, அந்த மின்னல் தன் தலையிலேயே விழுந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இரும்புக் கம்பி வாங்கி வந்தார். உதிரவில்லை, நீளவில்லை, அசையவும் இல்லை. ஒரே ஒரு விஷயம்: செப்புக் கம்பியும் இரும்புக் கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஒரு பீங்கான் துண்டு வைக்க வேண்டும். மரத்துப் பக்கம் அதை வைக்க மறந்துவிட்டார். ஆக, இவர் பேசுகிற பேச்சு முழுவதும் இரும்புக் கம்பி வழியாக மரத்துக்குப் போய், அங்கிருந்து டாக்டர் வீட்டுச் சுவருக்குள் நுழைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அவசரமாக வந்த ஒரு நோயாளியைச் சாய்த்துப் போட்டு, வாயைப் பிளக்க வைத்திருந்தார். பயம் தெரியாமல் இருக்க, மேலே ஒலிபெருக்கியில் மெல்லிய இசை. டாக்டர் கருவியைக் கையில் எடுத்தார். இசை நின்றது. கூரையிலிருந்து கரகரத்த குரல் ஒன்று கேட்டது.

“இதோ... வெட்டப் போறேன்! தப்பிக்கவே முடியாது!”

நோயாளி கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் ஓடியதை மூன்று வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். கையில் கருவியோடு டாக்டர் பின்னால் ஓடியதை ஐந்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள்.

“அவர் நகர்த்தினது யானைதான்னு வச்சுக்கிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன், அவரோட குதிரையைத்தான் சொன்னேன், டாக்டர்,” என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

“குதிரையா? அந்த ஆளு குதிரை மாதிரிதான் ஓடினார். இன்னும் திரும்பலை.”

இனி விளையாட்டு இல்லை என்று முடிவு செய்தார். கயிற்றுக் கடைக்காரரும் வெட்கப்பட்டாரோ என்னவோ, இந்த முறை படகு கட்டுகிற பட்டறைக்கு வழி சொல்லி அனுப்பினார். அங்கே இருந்தது அந்தக் கயிறு. கறுப்பு நிறம், விரல் பருமன்கூட இல்லை. பாலியெஸ்டர் நூலில் உள்ளே ஒரு பின்னல், அதற்கு உறை போட்ட மாதிரி வெளியே ஒரு பின்னல்.

“வெயில் இதை ஒண்ணும் செய்யாது. தண்ணியில நீளாது. கடல்ல கிடக்கற கயிறு,” என்றார் பட்டறைக்காரர். அடுக்குமொழி எதுவும் இல்லை. அதனாலேயே நம்பிக்கை வந்தது.

சூடு கண்ட பூனையல்லவா? ஒரு துண்டை மூன்று வாரம் மாடியில் காயப்போட்டார். இன்னொரு துண்டை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தினமும் அளந்தார்.

“குழந்தைங்க வளர்ந்தப்பகூட நீங்க இப்படி அளந்து பார்த்ததில்லை,” என்றாள் மனைவி. “வாளியைக் கொடுங்க, துவைக்கணும்.”

நூலளவும் மாறவில்லை. இரண்டு முனையையும் வீணைத் தந்திபோல விண்ணென்று இழுத்துக் கட்டினார். சுண்டினால் சுருதி வந்தது.

இரண்டு நாள் கழித்துக் காற்று அடித்தது. காற்றில் மரம் ஆடும் என்பது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் கட்டும்போது ஞாபகம் இல்லை. மரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. கயிறு அறவில்லை, நீளவில்லை, வாக்குத் தவறவில்லை. மாடித் தண்ணீர்க் குழாய்தான் வேரோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று. தொட்டித் தண்ணீர் மொத்தமும் படி வழியாக இறங்கிக் கூடத்துக்குள் புகுந்தது. தரையில் வைத்திருந்த சதுரங்கப் பலகை படகாகிச் சமையலறைக்குப் போனது. யானையும் ராணியும் சோபாவுக்கடியில் ஜோடியாக மிதந்தன.

முழங்காலளவு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவி கேட்டாள்: “கயிறு அறுந்துதா?”

“இல்லை,” என்றார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. அதற்காகத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

பட்டறைக்காரர்தான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “மரத்துப் பக்கம் முடிச்சுப் போடக் கூடாதுங்க. ஒரு கப்பி மாட்டி, அது வழியா கயிறை விட்டு, நுனியில கனமா எதையாவது தொங்க விடணும். மரம் ஆடினா கனம் ஏறி இறங்கும். இழுப்பு மாறாது.”

அப்படியே செய்தார். இந்தப் பக்கம் புதுக் கம்பம், அந்தப் பக்கம் கப்பி, நுனியில் கல் நிரப்பிய வாளி. வாளி மனைவியுடையது; அது வேறு சண்டை. காற்றடித்தது, வாளி ஏறி இறங்கியது, கம்பி இம்மியும் தொய்யவில்லை. நாலு மாதப் பாடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மூன்றே முக்காலுக்கே பல் டாக்டர் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “என் மரம், என் கண்ணாடி, என் நோயாளி. நானும் பங்காளிதான்,” என்றார். மனைவி எல்லோருக்கும் டீ வைத்தாள். சரியாக நாலு மணிக்கு அவர் செட்டைத் திருகினார்.

கிணறு. எறும்பு. அதே எறும்பு.

டாக்டர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி மெல்ல வந்து அவர் தோளில் கை வைத்தாள். அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மைக்கை எடுத்தார்.

“சார், உங்களுக்கு என் குரல் கேட்கும்னு நினைக்கறேன். எனக்குத்தான் உங்க குரல் கேட்கலை. நாலு மாசமா என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன். நாலு விதமான கயிறு. ஒரு டாக்டரைக் குருடாக்கினேன். ஒரு வீட்டை மூழ்கடிச்சேன். என்னால முடியலை சார். இந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துடறேன். நாற்பத்திரண்டும் உங்களுதுதான். இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆறு வருஷம் கூடப் பேசினதுக்கு...”

மைக்கின் பொத்தானை விட்டார்.

“ஐயையோ, வேண்டாம் சார்! அப்படிச் சொல்லாதீங்க!”

மேஜை அதிர்ந்தது. டாக்டர் கையில் இருந்த டீ தளும்பியது. கடிகாரக்காரர் குரல், பக்கத்தில் நின்று காதில் கத்துவதுபோல, கணீரென்று!

“ஜெயிச்சாச்சு!” கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “பார்த்தியா? பார்த்தீங்களா டாக்டர்? நான் சொன்னேனா இல்லையா? கயிறு! எல்லாம் அந்தக் கயிறு!”

டாக்டர் அவரைக் கட்டிக்கொண்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கறுப்புக் கயிற்றை முதல்முறையாகப் பாசத்தோடு பார்த்தாள்.

அப்போது செட்டில் ஏதோ கட்டில் கிறீச்சிட்டது. எங்கோ தொலைதூர நகரத்திலிருந்து, தூக்கம் கலைந்த ஒரு பெண்குரல் அதைவிடக் கணீரென்று வந்தது:

“ராத்திரி டியூட்டி பார்த்துட்டு வந்து தூங்கறாளேன்னு நாலு மாசமா போர்வைக்குள்ள பூந்துக்கிட்டுக் கிசுகிசுன்னுதானே பேசிட்டிருந்தீங்க, இன்னிக்கு என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்தறீங்க?”