ஈயம் ஒட்டிய சரக்குப் பேணி

திருகோணமலை,
துறைமுகத்தடி.
வெள்ளிக்கிழமை, பின்னேரம்.

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகன் குணரத்தினம் அவர்களுக்கு, மாமா கதிர்காமத்தம்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் மாமி கனகமணியும் கைகால்களோடு இருக்கிறோம். அவ்விடம் நீங்களும் மகள் ராசமலரும், அவள் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் அதைவிடச் சற்று மேலான நிலையில் இருக்க பத்திரகாளி அம்மன் அருள்வாளாக.

மாமி வருவாள் என்று விமான நிலையத்தில் காத்து நின்று ஏமாந்து, வீட்டுக்குப் போய், மகளிடம் பேச்சும் வாங்கி முடிந்த பிறகுதான் இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும். நாளைக்குத் தொலைபேசிக் கடைக்குப் போய் இரண்டு சொல் சொல்லிவிடுவேன். முழுக் கதையையும் அங்கே நின்று சொல்ல ஏலாது, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு கேட்பார்கள். மகளுக்கு இது தலைப்பிள்ளை, பக்கத்தில் தாய் இருக்க வேண்டும் என்று அவள் அழுது எழுதியது எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டோம். மாமி வராமல் போனதற்குக் காரணம் மாமி அல்ல, நானும் அல்ல. காரணம் சோதனை.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் வறுத்து இடித்த அந்தத் தூள் இல்லாமல் எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் எழும்பி நடந்ததாகச் சரித்திரம் இல்லை என்பது மாமியின் கட்சி. கனடாவில் மிளகு இல்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு அவளுடைய கையால் வரவில்லை. கட்டைபறிச்சானில் இருக்கும் அவளுடைய தங்கை குணமணி இடித்தால்தான் பதம் வருமாம். குணமணியும் இடித்து, கடதாசியில் கட்டிக்கொண்டு மூதூரில் லோஞ்ச் ஏற வந்தாள். அங்கே இறங்குதுறையில் நேவிக்காரன் பொட்டலத்தை அவிழ்த்து, இது என்ன மருந்து, எந்த மருந்து, துவக்குக்குப் போடுகிற மருந்தா என்று கேட்டு, நம்பாமல் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தான். திப்பிலி தன் வேலையைக் காட்டியது. அவன் கண்ணீரோடு பொட்டலத்தை உதற, கொட்டியாரக் குடாக் காற்று தன் பங்கைச் செய்ய, லோஞ்சில் இருந்த அத்தனை பேரும் அக்கரை வந்து சேரும்வரை தும்மினார்களாம். குணமணி வெறும் கடதாசியோடு வந்து இறங்கி, எங்கள் வீட்டு உரலில் திரும்பவும் இடித்தாள்.

இனி ஒருவனும் அவிழ்க்கக் கூடாது என்று நான்தான் முடிவெடுத்தேன். ஒரு பெரிய பால்மாத் தகரப் பேணியில் தூளை அமுக்கி நிரப்பி, பக்கத்து ஒழுங்கையில் தகர வேலை செய்யும் பக்கீர் நானாவிடம் கொண்டுபோய், மூடியைச் சுற்றி ஈயம் ஒட்டச் சொன்னேன். காற்றுப் போகாது, வாசம் வராது, கனடாவரை அப்படியே போகும். பக்கீர் நானா பேணியை இரண்டுதரம் திருப்பிப் பார்த்து, இதைப் பார்க்க வேறு என்னவோ மாதிரி இருக்கு ஐயா என்றார். அரசாங்கக் கச்சேரியில் காலம் முழுக்கக் கிளாக்கர் வேலை பார்த்தவனுக்குத் தகர வேலைக்காரர் புத்தி சொல்வதா என்று நான் கேட்கவில்லை, முகத்தில் காட்டினேன்.

இன்று காலை கொழும்பு பஸ் ஏறினோம். பக்கீர் நானாவின் மகள் பல்கீஸும் எங்களோடு வந்தாள், வாத்தியார் வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று. நல்ல பிள்ளை, மாமிக்கு யன்னல் பக்க இருக்கையை விட்டுத் தந்தாள். பட்டண எல்லையில் உள்ள சோதனைச் சாவடியில் வழக்கம்போல் எல்லாரும் இறங்கி மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றோம். ஆட்களைச் சோதித்து முடித்த பிறகு பஸ்ஸைச் சோதிப்பார்கள், கண்ணாடி பிடித்து அடிப்பக்கம் பார்ப்பார்கள், இருக்கைகளைத் தூக்குவார்கள். முதலில் என் குடையை விரித்துச் சுருக்கி விரித்தார்கள். பிறகு என் பாக்குவெட்டியைப் பறித்தார்கள். பிறகு மாமியின் பையிலிருந்து பேணியை எடுத்தார்கள். குலுக்கினார்கள், சத்தமில்லை. திறக்கப் பார்த்தார்கள், ஏலவில்லை. நாயைக் கூப்பிட்டார்கள். நாய் மணந்து பார்த்தது, ஒருமுறை தும்மியது, பிறகு மரியாதையாகக் குந்தியது. நாய் குந்தினால் குண்டு என்று அர்த்தமாம். அந்த நாய் வேர்க்கொம்பு தாங்காமல் குந்தியது என்பதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

அதன் பிறகு நடந்த கூத்தை என்னவென்று எழுதுவேன். விசில் ஊதினார்கள், ஆட்களை விரட்டினார்கள், பஸ்ஸை எடு எடு என்று சாரதியை நெருக்கி, எங்கள் பேணிக்குத் தப்ப வைப்பதற்காக எல்லாரையும் அடித்துப் பிடித்து ஏற்றினார்கள். பல்கீஸ் மட்டும் ஏறாமல் நின்றாள்.

"மாமியத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது? நானும் நிக்கிறன்" என்றாள்.

"நீங்க போங்கோ பிள்ளை. உங்கட அலுவல் கெட்டுப்போகும். நாங்க அடுத்த பஸ்சில வாறம்" என்று நான் கையைப் பிடிக்காத குறையாக ஏற்றிவிட்டேன்.

மாமியைப் பெண் ஆமிக்காரிகள் ஒரு கொட்டிலுக்குள் கொண்டுபோனார்கள். மருமகன், உண்மையைச் சொன்னால் நான் பயந்துவிட்டேன். எங்கள் சந்தியில் கடை வைத்திருந்த முத்தனின் மகனை ஒரு சின்ன விசாரணை என்றுதான் கொண்டுபோனார்கள். அது இன்னும் முடியவில்லை. நான் வெளியே மணலில் குந்தி இருந்து, கனகமணியோடு இத்தனை காலம் போட்ட சண்டைக்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, பேணி எங்கே என்பது. பேணியை மண்மூட்டை நடுவே வைத்து வெடிக்க வைத்தார்கள். சாவடிப் பக்கம் முழுக்கப் பிள்ளை பெற்ற வீடு மாதிரி மணத்தது. ஒரு ஆமிக்காரன், பாவம், சின்ன வயது, மூக்கை உறிஞ்சிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவன் வீட்டிலும் இப்படி ஏதோ அரைப்பார்கள் போலும்.

அப்போதும் விடவில்லை. அவர்களுடைய பெரியவர் வந்து, யார், எங்கே, எதற்கு என்று துருவினார். மருமகன் என்ன வேலை என்று கேட்க, விமான நிலையத்தில் இதே சோதிக்கிற வேலைதான் என்று இங்கிலீஷில் சொன்னேன். நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். மத்தியானம் அவருடைய வயர்லெஸ் கரகரத்தது. காதில் வைத்துக் கேட்டார். முகம் ஒரு மாதிரிப் போனது. எங்களைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். என் இங்கிலீஷ் கடைசியில் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பஸ் வரவில்லை. அது வழக்கம்தான். நடந்தே வீடு வந்தோம். ஊரடங்கு போட்டிருக்கிறார்கள், கரண்டும் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்களைத் தாண்டி ஒரு ஊசிகூட விமானத்துக்குள் போகாது, அங்கேயும் இப்படிச் சோதித்தால் பாதிக் குண்டு வெடிக்காது என்று போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். கோபிக்க வேண்டாம். குண்டு கொண்டு போகிறவன் அதைப் பால்மாப் பேணியில் போட்டு, மனிசியின் கையில் கொடுத்து, வரிசையில் நிற்க மாட்டான். சோதனையில் பிடிபடுவது பாக்குவெட்டியும் பத்தியச் சரக்கும்தான். வருஷக் கணக்காக இந்த வீதியில் சோதிக்கிறார்கள், வருஷக் கணக்காகக் குண்டும் வெடிக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று எங்காவது சந்தித்ததாக நான் கேள்விப்படவில்லை. நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் அங்கே ஊசி பொறுக்கிக்கொண்டு சம்பளம் எடுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அதை நம்பாதீர்கள்.

மாமியை அடுத்த கிழமைக்குள் எப்படியும் ஏற்றிவிடுவேன். குணமணி இப்போதே உரலைக் கழுவுகிறாள். மகளைக் கவலைப்படாமல் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். சுகப்பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க இந்த வீட்டுச் சாமி விளக்கின் முன் நின்று ஆசீர்வதிக்கிறோம்.

இங்ஙனம்,
உங்கள் மாமா,
சி. கதிர்காமத்தம்பி

பி.கு. சனிக்கிழமை காலை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதுகிறேன். மேலே சோதனையைப் பற்றி நான் எழுதியவற்றை வாசிக்காதவர்போல் விட்டுவிடுங்கள். நேற்று நாங்கள் போக வேண்டிய பஸ் கந்தளாய்க்கு அங்கால் காட்டுப்பக்கத்தில் வெடித்துவிட்டதாம். குண்டு இருக்கைக்குக் கீழே இருந்திருக்கிறது. இருக்கைகளைத் தூக்கிப் பார்க்க நேற்று அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. எல்லாரும் எங்கள் பேணியைச் சுற்றித்தான் நின்றார்கள்.

பக்கீர் நானா இப்போதுதான் வந்து சொன்னார், பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டாராம். எங்களை வழியில் இறக்கிவிட்டதை யாரோ சொல்லி இருக்கிறார்கள். வாசலில் நின்று, "பல்கீஸும் உங்களோட இறங்கினவதானே ஐயா? உள்ளுக்கையா நிக்கிறா?" என்று கேட்டார். கனகமணி கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மருமகனுக்கு அவசரமாக ஒரு வரி, எழுதி முடித்துவிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.