சந்தி எப்படிச் சிரிக்கும்?

“நம்ம மானம் சந்தி சிரிச்சுப் போச்சு. இனி அங்கன எப்படித் தலைகாட்டுவிய?” என்றாள் மனைவி தங்கத்தாய்.

இதையே கேட்டுக் கேட்டு சுடலைக்கண்ணுக்கு அலுத்துவிட்டது. மகள் மஞ்சு, கூட வேலை பார்த்த கிங்ஸ்லியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வீட்டாரை அவர் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. ஆனால் குற்றாலத்தில் சீசன். லாட்ஜ் மேனேஜரான அவருக்கு லீவு கிடையாது. தென்காசியில் பஸ் ஏற அந்தச் சந்தியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

“சந்தி எப்படிட்டி சிரிக்கும்?”

“நாலு தெருக்காரனும் கூடுத இடம்லா? அங்கன ஒருத்தன் சிரிச்சா நாலு தெருவுக்கும் போயிரும். அதான் அப்படிச் சொல்லுதாவ.”

அன்று சந்துக்குள் புகுந்து சுற்றிப் போனார். நாய் துரத்தியது. மூச்சிரைக்க ஓடி வந்து நின்ற இடம், சந்தி.

மறுநாள் மங்கி கேப் மாட்டினார். “அண்ணாச்சி, காய்ச்சலா?” என்று ஏழு பேர் நிறுத்தி விசாரித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆட்டோ.

“ரெண்டு பக்கமும் படுதாவ இறக்குலே.”

“வெறும் சாரல்தான அண்ணாச்சி?” என்றான் டிரைவர் இசக்கிதுரை.

“இறக்குலேங்கேன்!”

சரியாகச் சந்தியின் நடுவில் ஆட்டோ நின்றுபோனது. வேறு வழியில்லை. துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கித் தள்ளினார். அசையவில்லை. ஓரமாகக் குடையைத் தாழ்த்திப் போய்க்கொண்டிருந்த ஒருவரை இசக்கிதுரை கூப்பிட்டான். அவரும் மூக்குவரை கைக்குட்டை கட்டியிருந்தார். குடையை மடக்கிவிட்டுத் தோள் கொடுத்தார்.

“என்ன பொழப்போ!” என்று முனகினார் சுடலைக்கண்ணு.

“எனக்கும் அதே பொழப்புதான் அண்ணாச்சி,” என்று பெருமூச்சு விட்டார் அந்த மனிதர்.

இந்த மூன்று நாளில் தன்னிடம் இதமாகப் பேசிய ஒரே ஆள் இவர்தான் என்று சுடலைக்கண்ணுக்குத் தோன்றியது.

டீக்கடையில் ஆரம்பித்த சிரிப்பு பூக்கடைக்குப் பரவி, டிராபிக் போலீஸ்காரரையும் தொற்றியது. சுடலைக்கண்ணுக்குப் பொறுக்கவில்லை. துண்டை உருவி எறிந்தார்.

“சிரிங்க! எம்மவ செஞ்ச காரியத்துக்கு நல்லாச் சிரிங்க!”

டீக்கடை சைதூன் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க மவளுக்கு யாரு அண்ணாச்சி சிரிச்சா? ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டோம்னுட்டு, இப்பம் சம்பந்திமாரு ரெண்டு பேரும் சேந்துல்லா ஆட்டோவத் தள்ளுதிய!”