மூக்கண்ணே குடித்த என்சைம்

என்சைம் தண்ணீர் விற்றவரே, நீங்கள் சொன்னது பொய். எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் மைக்கைப் பிடித்து நீங்கள் அளந்ததை நம்பியவர் யார் தெரியுமா? ஈப்போவிலேயே அதிகமாகத் தும்மிய மனிதர். மூக்கண்ணே.

சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். நானும் அவரும் ஒரே குஷன் கடையில் வேலை. பழைய சோபாவைப் பிரித்துப் புதுத் துணி போடுவோம். தூசி ஆகாதவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டால், "பீடோர் எஸ்டேட்டுல செம்பனைப் பூவுக்கும் தும்முனேன்லா. எங்க போனாலும் தும்மல்தான். இங்கயாச்சும் மழை படாது" என்பார்.

சோபா வந்து இறங்கியதும் மோந்து பார்ப்பார். அடுத்தடுத்துத் தும்மினால் பூனை. இழுத்துத் தும்மினால் கரப்பான். ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

"எங்க வீட்டுல பூனையே இல்ல!"

"அப்ப பக்கத்து வீட்டுப் பூனை உங்க சோபாவுல தூங்குது அக்கா. வாடகை கேளுங்க."

மறு வாரம் அந்த அம்மாவே வந்து ஒப்புக்கொண்டார். ஜன்னல் வழியாக வருகிறதாம்.

ஒரே ஒரு கேள்விதான் அவரைக் குடைந்தது. "நீயும் நானும் ஒரே தூசியத்தான் இழுக்குறோம் மச்சான். நீ சும்மா இருக்க. நான் மட்டும் ஏன் வெடிக்கிறேன்?" கடை முதலாளி தவுக்கேயிடம் கேட்டார். குருக்களிடம் கேட்டார். கடைசியில் கிளினிக் டாக்டரம்மா பதில் சொன்னார். மூச்சுக் குழாயில் உடம்பே செய்கிற என்சைம்கள் இருக்கின்றன. உள்ளே போகும் தூசிப்பூச்சி, கரப்பான் ஓட்டுத் துணுக்குகளைச் சில நறுக்கிப் போடும். சில ஒவ்வாமையை அடக்கும், சில கிளறிவிடும். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "கோயில் கமிட்டி மாதிரி இருக்கு மச்சான். அடக்குறவன் ஒருத்தன், கிளறுறவன் ஒம்பது பேரு!"

அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்தீர்கள். குடித்தால் நேராக மூச்சுக் குழாய்க்குப் போகும், வேறு மருந்தே வேண்டாம் என்றீர்கள். முதலில் கைதட்டியவர் அவர்தான். உங்கள் தண்ணீரை வாங்கித் தினமும் குடித்தார், டாக்டரம்மா கொடுத்திருந்த இன்ஹேலரை அலமாரியில் போட்டுப் பூட்டினார்.

ஒரு காலை, பழைய சோபா ஒன்றைக் கிழித்தார். தூசி கிளம்பியது. தும்மல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தோள் ஏறி இறங்குகிறது, உதடு நீலம் பூத்துவிட்டது, வார்த்தை வரவில்லை. கடை லோரியில் ஏற்றிச் சிவப்பு விளக்கெல்லாம் தாண்டிக் கிளினிக்குக்கு ஓட்டினேன்.

முகமூடி மாட்டிக் கொடுத்த மருந்துப் புகை வேலை செய்து வாய் திறந்ததும் கேட்டார்: "டாக்டரம்மா, நான் குடிச்ச என்சைம் எங்க வழி தவறிச்சு?"

"அதுக்கு வழியே இல்லண்ணே. நீங்க தின்ன மீன் மாதிரி அதுவும் வயித்துல செரிச்சுப் போச்சு. இனிமே மருந்த நிறுத்தாதீங்க."

நான் பல்லைக் கடித்தேன். அவரோ, "தண்ணி வித்த அந்த ஆளையும் கேக்கணும் மச்சான். அவருக்கு வேற ரூட் ஏதும் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

வாருங்கள் ஐயா. அதே மண்டபம், அதே மைக். வயிற்றிலிருந்து மூச்சுக் குழாய்க்கு எது வழி என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். மூக்கண்ணே முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்பார். நான் குறுக்கே பேச மாட்டேன். அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குப் போதும். நீங்கள் பதில் சொல்லுங்கள்.