நேர்கோட்டின் பென்சில் கணக்கு

ஈப்போவில் அவரைப் போல் கோபப்பட்ட மனிதர் எவரும் இருந்ததில்லை. தேநீரில் சீனி கூடினால் கோபம், குறைந்தாலும் கோபம். வரைபடத்தில் வளைந்த கோட்டைக் கண்டாலோ வெறியே வந்துவிடும். அதனால் எங்கள் மின்சாரத் திட்ட அலுவலகத்தில் அவருக்குப் பெயர் நேர்கோடு.

எழுபதுகளின் கடைசி. எந்த மின்நிலையத்தை எவ்வளவு ஓட்டினால் செலவு குறையும், எந்தக் கம்பியும் அளவு மீறிச் சூடாகாது என்று பார்ப்பது எங்கள் வேலை. துளையிட்ட அட்டைகளைப் பெட்டி பெட்டியாகக் கோலாலம்பூர் கணினிக்கு அனுப்புவோம். ஓர் அட்டை இடம் மாறினாலும் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும். ஒரு திட்டத்துக்கு மூன்று வாரம். கையிலிருந்தவை நாற்பது.

மூன்றாம் முறையும் பெட்டி திரும்பிய அன்று நேர்கோடு அதை உதைத்தார். அறையெங்கும் அட்டை.

"எதுக்குலா இவ்ளோ சுத்தல்? எல்லா எடத்துலயும் வோல்டேஜ் ஒண்ணுன்னு வையி. கம்பியில வீணாப் போறத விட்டுத் தள்ளு. மிச்சம் பள்ளிக்கூடத்துக் கணக்குதான்!"

கத்திக்கொண்டே பென்சிலை எடுத்தார். ஒரே வாரத்தில் நாற்பதும் முடிந்தன. மூன்றுதான் தேறின. "இந்த மூணை மட்டும் மெஷினுக்கு அனுப்புப்பா. மத்ததெல்லாம் குப்பை."

மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, "இது என்ன, தோட்டத்துக் கங்காணி கணக்கா?" என்று சிரித்தார். நேர்கோடு ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். எனக்கே ரத்தம் கொதித்தது.

அடுத்த மாதம், தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்த கூட்டத்தில், அதே மேலாளர் அதே கணக்கைக் கூசாமல் விளக்கினார். "நான் கண்டுபிடித்த சுலபமான வழி. இனி கணினியே தேவையில்லை."

நாற்காலி கவிழ நேர்கோடு எழுந்தார்.

"பேரை நீங்களே வச்சுக்குங்க பாஸ்! அதோட குறையையும் சேத்துச் சொல்லுங்கலா! சிலிம் ரிவர் பக்கம் நீளக் கம்பி. முனையில வோல்டேஜ் விழும், அது என் கணக்குக்குத் தெரியாது. மெஷின்ல பாக்காம விட்டா, தோட்டத்து கிளினிக்ல தடுப்பூசி வைக்கிற ஐஸ் பெட்டி ஓடாது!"

தன் கணக்கு எங்கே பொய் சொல்லும் என்று தொண்டை கிழியக் கத்திய வேறொருவரை நான் கண்டதில்லை.

தலைமையகத்தார் தேறிய மூன்று திட்டங்களையும் கணினியில் சோதித்தார்கள். மிக மலிவான திட்டம் அவர் சொன்ன முனையில்தான் படுத்தது. இன்னொன்றைத் தேர்ந்தார்கள். கிளினிக் பிழைத்தது. அறிக்கையில் மேலாளர் பெயர். நேர்கோட்டுக்கு, ஒழுங்கீனம் என்று ஆயர் தாவார் என்ற சிற்றூருக்கு மாற்றல்.

பேருந்து நிலையத்தில்கூட, பெட்டியைத் தவறாகப் பிடித்தேன் என்று என்னைத் திட்டினார்.

மேலாளர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல் அதைவிட ஆத்திரம். தாமதம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அண்ணே: அது உங்கள் கணக்கு.