கட்டங்கள் சரியாகத் தெரிகின்றன

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மகள், பேத்தி மூவரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தை, குறிப்பாகக் கண்களின் சுகத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதை இதைப் படித்து முடித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

மின்னஞ்சல் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், அனுப்பினால் அது உங்கள் கணினியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். போனில் சொல்லலாமென்றால் என் குரலைக் கேட்டதுமே "இந்தா, மாப்பிள்ளை பேசுறாரு" என்று அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமா, உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு முழுக்க என்னிடம். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து எங்களோடு வந்துவிடுவதாக வீட்டுக்காரரிடம் சொன்னீர்களாமே, அதைத் தயவுசெய்து இன்றைக்கே வாபஸ் வாங்குங்கள்.

இதைப் படித்ததும் "ஓஹோ, நாம வர்றது மாப்பிள்ளைக்குப் பிடிக்கல போலிருக்கு" என்று நினைப்பீர்கள். உங்கள் மகளும் அதையேதான் நினைக்கிறாள். "ரூமை விட்டுக்குடுக்க மனசில்லாம கதை அளக்குறீங்களா?" என்று கேட்டாள். உங்களுக்காக என் வேலை அறையை ஒழித்து, கம்ப்யூட்டர்களையெல்லாம் பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அது துணி பிழியும்போது என் மேஜையும் சேர்ந்து ஆடுகிறது. ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை. முழுக்க அதற்காக இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று என்ன உத்தியோகம் என்று கேட்டீர்கள். "டெஸ்டிங்" என்றேன். "ரத்தமா, சிறுநீரா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்ததில் பதில் அப்படியே நின்றுவிட்டது; பதினோரு வருடம் கழித்து இப்போது சொல்கிறேன். உங்கள் கணினியில் நான் போட்டுக்கொடுத்து ஓடுகிறதே லினக்ஸ் என்ற இயங்குதளம், அதைத் தொகுத்து வெளியிடும் குழுவில் நான் இருக்கிறேன். தினமும் நூறு பேர் அதில் எதையாவது மாற்றுவார்கள், ஒருவர் ஆணி அடித்தால் இன்னொருவர் வீட்டுச் சுவர் பெயரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறோம். அது தானாகவே கணினியைப் போட்டு, ஒவ்வொரு திரையாகத் திறந்து, ஒவ்வொன்றையும் படம் பிடித்து, நாங்கள் கொடுத்திருக்கும் மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் நான் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். தப்பு என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். யாரோ வேண்டுமென்றே மாற்றியதுதான் என்றால் "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அன்றிலிருந்து அந்தப் புதுப் படமே மாதிரி. யோசித்து அந்தப் பொத்தானை அழுத்துவதுதான் மாமா என் மொத்த உத்தியோகமும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புண்ணியவான் பொத்தான்களின் நீலத்தைக் கொஞ்சம் பச்சை கலந்த நீலமாக்கினார். ஒரே காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு சிவப்பு. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுக்கொண்டு வந்தேன், நாற்பது ஆகியிருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து போன், உங்கள் பேத்தி மூக்குக்குள் பாசிமணியைப் போட்டுக்கொண்டாளாம், உடனே வாங்க என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிச்சம் இருந்த இருநூற்று எழுபத்திரண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து "ஏற்கிறேன்" என்று ஒரே அமுக்கு. காரணம் கேட்டது. "தற்காலிகம். நாளைக்குப் பார்க்கலாம்" என்று அடித்துவிட்டு ஓடினேன். மூக்கிலிருந்து பாசிமணி வந்துவிட்டது. அந்த நாளைதான் இன்னும் வரவில்லை.

அந்த இருநூற்று எழுபத்திரண்டில் தமிழ்த் திரையும் ஒன்று. யாரோ எதையோ நகர்த்தியதில் அதே நாளில் தமிழ் எழுத்துரு தொகுப்பிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். அதைத்தான் நான் மாதிரி என்று ஏற்றிருக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் இயந்திரம், பாவம், தமிழ் கட்டம் கட்டமாக ஒழுங்காக வருகிறதா என்று தினமும் மூன்று வேளை கர்ம சிரத்தையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே நீங்கள் போன் செய்தீர்கள். "மாப்பிள்ளை, எழுத்தெல்லாம் கட்டமா தெரியுது." நான் பச்சை விளக்கைப் பார்த்தேன். "இங்க எல்லாம் சரியா இருக்கு மாமா, கண்ணைக் காட்டுங்க" என்றேன். கண்ணைக் காட்டினீர்கள். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். "வேற டாக்டரைப் பாருங்க" என்றேன். "உங்க அத்தைக்கும் கட்டமாத்தான் தெரியுதாம்" என்றீர்கள். "அத்தைக்கும் வயசாகுது இல்லையா மாமா" என்றேன். என் வாயை எதைக் கொண்டு கழுவுவது? அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பக்கம் வடிவமைத்த மனுஷி அத்தை. போனில் "எழுத்துரு இல்லாட்டி இப்படித்தான் மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார்கள். "அத்தை, இது கம்ப்யூட்டர் விஷயம்" என்று நான் பாதியில் வெட்டினேன். நானாவது என் கணினியில் தமிழை வைத்துப் பார்த்திருக்கலாம். அதில் ஆங்கிலம்தான். தமிழ் சரியாக வருகிறது என்று இயந்திரம் சொல்லும்போது நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மேலே, உறவுக்காரர்கள் கூடியிருந்த அன்று நான் அடித்த ஜோக். பத்திரிகைக்கு வாரம் தவறாமல் குறுக்கெழுத்துப் போட்டி எழுதிக்கொடுப்பவர் நீங்கள். "கட்டம் போட்டுப் போட்டு மாமாவுக்கு எதைப் பார்த்தாலும் கட்டமா தெரியுது" என்றேன். சபையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அந்த வாரத்தோடு குறுக்கெழுத்தை நிறுத்திவிட்டீர்கள் என்பதும், நான்கு கண்ணாடி வாங்கிவிட்டீர்கள் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி என்று எண்ணி நடந்து பழகுகிறீர்கள் என்று உங்கள் மகள் நேற்று அழுதுகொண்டே சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா. வெட்கமாக இருக்கிறது.

கண்டுபிடித்தது திங்கட்கிழமை காலையில். வியாழக்கிழமை எங்கள் புது வெளியீடு. புதுத் திரை ஒன்றுக்கு மாதிரி சேர்க்க வேண்டியிருந்தது, அந்தக் கோப்புறையை எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் திறந்தேன். ஒரு படத்தில் வரிசை வரிசையாகக் கட்டம். பக்கத்தில் துணி இயந்திரம் பிழிந்துகொண்டிருந்தது, ஆட்டத்தில் அப்படித் தெரிகிறதோ என்று அது நிற்கும்வரை காத்திருந்தேன். நின்றது. கட்டம் நிற்கவில்லை. கீழே, ஏற்றவர் என்ற இடத்தில் என் பெயர். காரணம்: "தற்காலிகம். நாளைக்குப் பார்க்கலாம்."

இதோடு போயிற்றா என்றால் இல்லை. கட்டெறும்பு என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஒரு தன்னார்வலர், அந்த எழுத்துருவைத் திரும்பச் சேர்த்து மூன்று தடவை எங்களுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறார். சேர்த்ததும் எழுத்து ஒழுங்காகத் தெரியும். ஒழுங்காகத் தெரிந்தால் கட்டத்தோடு ஒத்துப்போகாது. உடனே சிவப்பு. நானும் மூன்று தடவையும் நிராகரித்தேன். முதல் பதில், "விதிமுறைகளைப் படிக்கவும்." இரண்டாவது, "உங்கள் திருத்தம் சரியாக இருப்பதைக் கெடுக்கிறது." மூன்றாவது, சொல்லவே வாய் கூசுகிறது, "பொழுது போகவில்லையென்றால் வேறு யாருடைய நேரத்தையாவது வீணடிக்கவும்." அந்த வாரம் போனில் அத்தைகூட "ஆபீஸ்ல யாரோடயாவது கோவமா மாப்பிள்ளை? வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றார்கள். என் குரலிலேயே தெரிந்திருக்கும் போல.

உடனே வெளியீட்டுப் பொறுப்பாளரிடம் போய் நின்றேன். அதிகம் பேசாத அம்மா அவர்.

"எட்டு மாசமா பச்சையா இருந்துச்சே?"

"ஆமாங்க. கட்டம் சரியா வருதான்னு பாத்துக்கிட்டிருந்தோம்."

"வந்துச்சா?"

"ஒரு நாள்கூடத் தவறலைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார், திரும்பவும் கழற்றிவிட்டார். "அந்தக் கட்டெறும்பைக் கூப்பிடுங்க. அந்த ஆள் வந்து திருத்தம் குடுத்தாதான் வியாழக்கிழமை வெளியீடு. இல்லாட்டி ஒத்திவச்சுட்டு, யாரால ஒத்திவச்சோம்னு எல்லாருக்கும் நீங்களே எழுதுங்க" என்றார். நான் கட்டெறும்புக்கு ஒரு நீண்ட மன்னிப்பு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. நானாக இருந்தால் பதில் போட மாட்டேன்.

ஆகவே மாமா, வீட்டைக் காலி செய்யாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டு நடங்கள். குறுக்கெழுத்தைத் திரும்ப ஆரம்பியுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கும் சிரமம் உங்கள் இருவருக்கும் வேண்டாம். எனக்கு நாலு வார்த்தை திட்டி ஒரு கடிதம் போட்டால் போதும், அதைச் சட்டம் போட்டு மேஜைமேல் மாட்டிக்கொள்கிறேன். பேத்தி உங்களுக்கு முத்தம் அனுப்புகிறாள், மூக்கில் இப்போது ஒன்றுமில்லை. உங்கள் இருவரின் ஆசி எனக்கு வேண்டும். கோபம் ஆறிய பிறகு அனுப்பினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
எதையும் கண்ணால் பார்க்காத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். கட்டெறும்பு பதில் போட்டுவிட்டது. அப்படியே கீழே தருகிறேன்.

"மாப்பிள்ளைக்கு, திருத்தத்தை நாலாவது தடவையா அனுப்பியிருக்கேன். இந்தத் தடவையாவது படத்தைக் கண்ணால பாருங்க. உங்க மாமா நான் சொன்னா நம்ப மாட்டாரு, மாப்பிள்ளை சொன்னாத்தான் நம்புவாரு. அதான் உங்க வழியாவே சரி பண்ணிடலாம்னு, அவர் மதியம் தூங்குற நேரமா பாத்து அனுப்பினேன். சொந்தப் பேர்ல அனுப்பினா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் வேற பேரு. திட்டினதுக்கெல்லாம் வருத்தப்படாதீங்க. சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை மாமா. இதைப் படித்தபிறகு எப்படிச் சாப்பிடுவது? அத்தையின் திருத்தத்தைப் போட்டோம். எழுத்து முத்து முத்தாக வருகிறது. பொறுப்பாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் கட்டெறும்பு பார்த்துச் சரி என்று சொல்லாமல் யாரும், முக்கியமாக நான், எந்தப் படத்தையும் ஏற்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அடுத்த வெளியீடு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க அத்தையும் சம்மதித்தாயிற்று.

ஆகவே மேலே வர வேண்டாம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். வீட்டைக் காலி செய்யாமல் பூட்டிக்கொண்டு இருவரும் சீக்கிரம் வாருங்கள். அறை உங்களுக்கு. பால்கனியில் அத்தைக்கு ஒரு நாற்காலி போட்டாயிற்று.

வரும்போது அந்த நான்கு கண்ணாடியில் ஒன்றை எனக்கு எடுத்து வரவும்.