மேற்படியார் வீடு

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் "எனக்குத் தமிழ் நல்லா வரும்" என்று சொல்லவே கூடாது. அதுவும் ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரிடம், அவர் பெண்ணைக் கேட்டுப் போன இடத்தில் சொல்லவே கூடாது. நான் சொன்னேன்.

ரேவதி சிறுசேரியில் என்னோடு வேலை பார்த்தவள். "அப்பா உன்னைப் பார்க்கணுமாம். ரெண்டு வார்த்தை பேசு, மூணாவது பேசாதே" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவள் அப்பா அப்போதுதான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய தோட்டத்து வீடு வாங்கியிருந்தார். ஓட்டுக்கூரை, கிணறு, மாட்டுக்கொட்டகை எல்லாம் உண்டு. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"இதை யார் கட்டினது, எந்த வருஷம், யார் யார் கைமாறிச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசை தம்பி. தாய்ப்பத்திரம் ஜெராக்ஸ் இருக்கு. ஆனா ஒரு மாசம் எதையும் படிக்கக் கூடாதுங்கறார் டாக்டர்."

"எனக்குத் தமிழ் நல்லா வரும் சார், நான் படிச்சுச் சொல்றேன்" என்றேன். அதுதான் அந்த மூணாவது வார்த்தை. (பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டாவது மொழி இந்தி. தமிழ், பஸ் போர்டு பார்த்துக் கற்றது.)

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். முதல் வரியில் வேலாயுதம் என்று ஒருவர் வந்தார். ஒரே தடவைதான் வந்தார் என்பதால் முக்கியமில்லாதவர் என்று ஒதுக்கிவிட்டேன். அப்புறம் பார்த்தால், கிழக்கே மேற்படியார் புஞ்சை, மேற்கே மேற்படியார் தோப்பு. அடேங்கப்பா! ஊர் பெயரும் மேற்படி கிராமம். சந்தேகமே இல்லை, ஜமீன்தார்தான். வாரிசுகளைத் தேடி ஒரு நாள் காலையில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தாம்பரத்தில் ஒரு ஆட்டோக்காரரிடம், "அண்ணா, மேற்படி எங்க இருக்கு?" என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னா சார், காலங்காத்தாலயேவா? சரி, குந்து."

நேரே ஒயின் ஷாப் வாசலில் இறக்கிவிட்டார். "இன்னும் தொறக்கல. அவசரம்னா பின்னால ஒரு சந்து கீது."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, கலர் பிரின்ட் எடுத்த நாலு பக்க ரிப்போர்ட்டோடு போனேன். அஸ்தினாபுரத்திலிருந்து ரேவதியின் சித்தப்பா வேறு வந்திருந்தார். அன்று சரியென்றால் கல்யாணம், இல்லையென்றால் பெங்களூர் மாப்பிள்ளையை வரச் சொல்லிவிடுவார்களாம். எழுந்து நின்று ஆரம்பித்தேன்.

"இந்த வீட்டைக் கட்டினவர் மேற்படியார்."

கறுப்புக் கண்ணாடி அசையவில்லை. "யாரு?"

"மேற்படியார் சார். பெரிய ஜமீன்."

"எந்த ஊரு அவருக்கு?"

"மேற்படி."

"அவரு அப்பா பேரு?"

"அவரும் மேற்படியார்தான் சார். பரம்பரையா அதே பேரை வைக்கிற வழக்கம் போல."

ரேவதி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வீட்டுக்கு எத்தனை வயசு?"

"விக்கிரம வருஷம்னு போட்டிருக்கு சார். விக்கிரமன்னு ஒரு ராஜா காலம். எப்படியும் ஆயிரம் வருஷம் இருக்கும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. கூடவே அவள் அம்மாவின் சிரிப்பு. அவள் அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "ஐயோ, கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னாரே டாக்டர்! தம்பி, மேற்படின்னா 'மேலே சொன்ன'ன்னு அர்த்தம். விக்கிரம, அறுபது தமிழ் வருஷத்துல ஒண்ணு."

என் மானம் தாம்பரத்தில் ரயிலேறிவிட்டது. மெதுவாக நழுவிப்போய் வாசலில் செருப்பைத் தேடினேன். அதற்குள் சித்தப்பா ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். "நேரில் விசாரித்தது: காலை எட்டரை, ஒயின் ஷாப். மேற்படியார் வாரிசுகள் யாரும் இல்லை."

"உள்ள வாங்க தம்பி" என்றார் அவள் அப்பா. பிறகு சித்தப்பாவிடம் திரும்பினார். "பொண்ணு கேட்டு வந்த இடத்துல, ஒயின் ஷாப்புக்குப் போனதைக்கூட எழுதிக் கையில கொடுக்கறார். இவர் நம்ம ரேவதிகிட்ட எதை மறைச்சிடப் போறார்? பெங்களூருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடு."

கல்யாணம் நடந்தது. சொந்தக்காரர்களின் விசேஷங்களில் இன்றும் என் பெயர் யாருக்கும் தெரியாது. "மேற்படியார் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

போன வருஷம் மாமனார் அந்த வீட்டை எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்தார். பத்திரத்தின் வாசகம் முழுக்க அவரே சொல்லி எழுதவைத்தது. என் பெயர் முதல் வரியில் ஒரே ஒரு தடவை வருகிறது. அதன் பிறகு கடைசிப் பக்கம் வரை நான் மேற்படியார்தான். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து எவனாவது ஒரு வருங்கால மாப்பிள்ளை அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இந்த வீடு மேற்படியாருடையது" என்று எழுந்து நின்று சொல்வான். சரியாகத்தான் சொல்வான், பாவம்.