இருபார்வைக் கண்ணாடியும் மாமனாரின் குழியும்

மனிதன் கல்லறைக் குழிக்குள் ஒருமுறைதான் இறங்க வேண்டும். நான் ஏற்கெனவே இறங்கியாயிற்று. இன்னொரு முறையும் பாக்கி இருக்கிறது.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. எதையும் தேதி, நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதிவைப்பவன். அதனால்தான் மனைவியின் அண்ணன் அந்தோணி என்னோடு பேசுவதை நிறுத்தினார். பாதிரியார் வந்து ஜெபிக்கும் தன் புதுவீட்டு மந்திரிப்புக்கு எங்களை நேரில் வந்து அழைத்ததாக அவர் ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார். நான் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, அவர் வரவில்லை, போனில்தான் சொன்னார் என்று வாசித்துக் காட்டினேன். (நான் சொன்னது சரிதான். இல்லாவிட்டால் கோபம் ஆறு வருடம் நீடித்திருக்காது.)

மாமனார் நெடுங்காட்டில் அடைமழைக் காலத்தில் இறந்தார். அடக்கத்தன்று காலையில் மனைவி என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி சொன்னாள்.

“அப்பா கடைசியா கேட்டது ஒண்ணுதாங்க. நீங்களும் அண்ணனும் பேசணும்னு. இன்னிக்காவது எதையும் செஞ்சு வச்சிராதீங்க.”

“நான் என்ன செய்யப்போறேன்?”

“அதான் எனக்குத் தெரியலயே.”

மூன்று நாள் முன்புதான் காரைக்காலில் புதுக் கண்ணாடி வாங்கியிருந்தேன். மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு அரைவட்டமாய் ஒரு வில்லை. கடைக்கார பாய் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “ரெண்டு வாரம் வீட்டுக்குள்ளயே போட்டுப் பழகுங்க சார். தரையப் பாக்கணும்னா தலையக் குனிஞ்சு மேல் கண்ணாடி வழியாப் பாருங்க. கண்ண மட்டும் தாழ்த்துனீங்கன்னா தரை ஏமாத்திரும்.” அதை எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனால் குழியருகே மன்றாட்டு ஜெபம் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. கண்ணாடி இல்லாமல் ஒரு வரி ஓடாது.

மன்றாட்டைப் பிசகாமல் வாசித்தேன். பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டோம். என் முறை வந்தபோது, குழிக்கு எதிர்ப்புறம் நின்ற அந்தோணி என்னை நேராகப் பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் பார்வை. அதை நழுவவிட மனமில்லாமல், முகத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தினேன். குழியின் விளிம்புக்கு இன்னும் ஓரடி இருந்தது. காலை எடுத்து வைத்தேன்.

ஓரடி இல்லை. (பாய் பிறகு ரசீதின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். படிக்கும் வில்லையின் மேல்விளிம்பு மெல்லியது, நடு தடித்தது. ஒளி தடித்த பக்கமாகக் கீழே வளைகிறது. வளைந்து வந்த கதை கண்ணுக்குத் தெரியாது. நேராக வந்ததாகவே நம்பி, பொருளைச் சற்று மேலே, சற்றுத் தள்ளிக் காட்டுகிறது.)

கையிலிருந்த மண்ணோடு பெட்டியின் மேல் போய் விழுந்தேன். பலகை ‘தொம்’ என்றது. ஜெபம் நின்றது. “ஐயோ அப்பா!” என்று மனைவி அலறினாள். (அழைத்தது என்னை அல்ல, எனக்குக் கீழே இருந்தவரை.) முழங்கால் எரிந்தது. மேலே நீளமான ஒரு துண்டு வானமும், வரிசையாகச் சொந்தக்காரர்களின் முகங்களும் தெரிந்தன. கண்ணாடி மட்டும் கழன்று விழாமல் மூக்கிலேயே இருந்தது.

அந்தோணி குனிந்து கை நீட்டினார்.

“ஏறி வாங்க மாப்ள. ஒவ்வொருத்தராப் போனாப் போதும்.”

என்னை இழுத்துப் போட்டுவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தார். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது நன்றாகவே பேசுகிறார். சொந்தத்தில் எந்தச் சாவு என்றாலும் முதல் போன் அவருடையதுதான்: “மாப்ள, நான் வர்றதுக்குள்ள நீங்க இறங்கிராதீங்க.” அடக்கம் முடியும்வரை என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். துக்க வீட்டிலேயே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

மனைவி மட்டும் இந்தக் கதைக்கு இதுவரை சிரித்ததில்லை. தன் அப்பாவின் பெட்டியிலிருந்து அவள் கடைசியாகக் கேட்ட சத்தம், நான் விழுந்தது.